சேப்பாக்கத்துச் சுண்ணாம்பும் நம் மலைக் கடுக்காயும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் இரண்டு தவணையாகப் படியுங்கள். படிக்காமலே கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் கடைசி பெஞ்சில் அவர்கள்தான்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. நான் வேலை பார்த்த ஊர்களில் ஒன்றில் இருக்கும் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிப்பதா, சரிசெய்வதா என்று. "இடிச்சுட்டுப் புதுசா கட்டினா பிள்ளைங்களுக்கு நல்லதுதானே சார்?" என்று ஒருவர் கேட்டார். "எங்க அப்பா, தாத்தா படிச்ச எடம் சார், எப்படி இடிக்க மனசு வரும்?" என்று இன்னொருவர். இருவரும் என் பிள்ளைகள்தான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் 'சரி', 'தப்பு' என்று ஒரு வரியில் முடிக்காமல், சென்னையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பழைய கட்டடங்களின் கதையைச் சொல்லி, பிறகு நம் ஊருக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். குழுவில் பலரும் 'கட்டிடம்' என்று எழுதினீர்கள். கட்டியெழுப்பியது கட்டடம், கட்டுவதற்கான இடம் கட்டிடம். வாத்தியார் புத்தி, விடாது. மேலே போவோம்.

நவாபின் தோட்டம்

சென்னை சேப்பாக்கம் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பகுதியின் கதை 1768இல் ஆரம்பிக்கிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா அங்கே அரண்மனை கட்டிக்கொண்டு குடியேறிய வருடம் அது. ஹுமாயூன் மகால், கலச மகால் என்று இரண்டு பெரிய கட்டடங்கள். ஒரு பக்கம் கடற்கரை, இன்னொரு பக்கம் கூவம் ஆறு என்று பரந்து கிடந்தது அரண்மனைத் தோட்டம். இன்று பல்கலைக்கழகமும் எழிலகமும் கிரிக்கெட் மைதானமும் இருப்பது அந்தத் தோட்டத்து நிலத்தில்தான்.

அந்த நவாபுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. கள்ளக்குறிச்சிச் சமவெளி அன்று ஆற்காட்டு நவாபின் சீமை. நவாபோ கம்பெனிக்காரர்களிடம் கழுத்து முட்டக் கடன் வாங்கியவர். கடன் கொடுத்தவர்களில் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் பெயர்பெற்றவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியதிலும் அவர் கை உண்டு என்று சொல்வார்கள். கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக்கொடுத்தது நிலவரி வருமானத்தை. அதாவது குடியானவன் வீட்டு நெல்லை. இந்தக் கடன் விவகாரம் லண்டன் பார்லிமெண்ட் வரைக்கும் போய், 1785இல் எட்மண்ட் பர்க் அதைக் கண்டித்து நீண்ட உரை ஆற்றினார். 1801 உடன்படிக்கையில் சீமையின் நிர்வாகமே கம்பெனி கைக்குப் போயிற்று. நம் பகுதி தென்னாற்காடு ஜில்லா ஆனது.

1855இல் நவாப் குலாம் முகமது கவுஸ் கான் வாரிசில்லாமல் காலமானார். 'வாரிசு இல்லையென்றால் பட்டமும் இல்லை' என்று கம்பெனி சொல்லிவிட்டது. 1859இல் அரண்மனை ஏலத்துக்கு வந்தது, எடுத்தது அரசாங்கமேதான். அன்றிலிருந்து அது சர்க்கார் கட்டடம். ரெவின்யூ போர்டு அங்கே வந்து உட்கார்ந்தது. நம் பாட்டன்மார் 'போர்டு' என்று பயத்தோடு சொன்னார்களே, அது இதுதான். நம் நிலத்துக்கு எவ்வளவு தீர்வை என்ற கணக்கின் கடைசிக் கையெழுத்து விழுந்த இடம். 1980இல் அந்தப் போர்டைக் கலைத்துவிட்டாலும், வருவாய் நிர்வாகத்தின் தலைமை அலுவலகம் இன்றும் அதே சேப்பாக்கத்தில்தான், எழிலகத்தில்.

வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகம்

அதே தோட்டத்து நிலத்தின் இன்னொரு மூலையில்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் நிற்கிறது. கடற்கரைச் சாலையில் போகும்போது நாலு மூலையிலும் குமிழ் வைத்த கோபுரங்களோடு சிவப்பாக ஒரு மாளிகை தெரியுமே, அதுதான்.

கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பல்கலைக்கழகங்களும் 1857இல் பிறந்தவை. மூன்றுக்கும் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும்: அந்தப் பல்கலைக்கழகம் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பரீட்சை வைப்பது, தேறியவர்களுக்குப் பட்டம் கொடுப்பது மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை. ஆகவே அதற்கு வகுப்பறைகள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரே ஒரு பெரிய மண்டபம்: வரிசையாக மேசை போட்டுப் பரீட்சை எழுதவைக்க, அங்கி போட்டுக்கொண்டு பட்டமளிப்பு விழா நடத்த, ஆட்சிக் குழுவினர் கூடிப் பேச. செனட் ஹவுஸின் உள்ளே போனால் ஏன் ஒரே மண்டபமாக இருக்கிறது என்பதற்கு விடை இது. கட்டடத்தின் வடிவத்தைப் பார்த்தே அது எதற்காகப் பிறந்தது என்று சொல்லிவிடலாம். தேர் நிலையைப் பார்த்துத் தேரின் உயரத்தைச் சொல்வதுபோல.

இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் 1858இல் வெளிவந்த இருவர். இருவருமே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஒருவர் விசுவநாத பிள்ளை. இன்னொருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. ஏட்டுச்சுவடிகளில் கிடந்த தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றியவர்களில் அவர் ஒருவர் என்று சொன்னால் போதும், அவர் யார் என்று உங்களுக்குப் புரியும். செல்லரித்த ஏட்டைப் பார்த்து 'பழசு, தூக்கிப் போடு' என்று அவர் சொல்லியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிசோம் என்ற மனிதர்

பல்கலைக்கழகம் பிறந்து ஏழு வருடம் கழித்து, 1864இல், மண்டபத்துக்கு வரைபடம் கேட்டு அரசாங்கம் விளம்பரம் செய்தது. பதினேழு வரைபடங்கள் வந்தன. தேர்வானது ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞருடையது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஆனால் வேலை தொடங்கியது 1874இல், முடிந்தது 1879இல். சர்க்கார் வேலை அன்றும் அப்படித்தான்!

சிசோம் பெயரை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரையிலேயே மாநிலக் கல்லூரி, திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியம், சென்னையில் பெரிய தபால் நிலையம், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால் எல்லாம் அவர் வரைந்தவை. இங்கிலாந்துக் கட்டடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால் ஒட்டாது என்று புரிந்துகொண்டவர். இந்த நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் என்ன மாதிரி வளைவு, என்ன மாதிரித் தாழ்வாரம் வேண்டும் என்பதை இங்கே இருந்த கட்டடங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார். அவருக்குப் பக்கத்திலேயே ஒரு பாடப்புத்தகம் இருந்தது: நவாபின் சேப்பாக்கம் அரண்மனை. அதன் இரண்டு மகால்களுக்கும் நடுவே ஒரு கோபுரத்தைக் கட்டிச் சேர்த்தவரும் அவரே. செனட் ஹவுஸில் இந்த நாட்டு வளைவுகளும், துருக்கி தேசத்துக் கோபுரச் சாயலும், ஐரோப்பிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் சண்டை போடாமல் ஒன்றாக நிற்கின்றன. 'இந்தோ-சாரசெனிக்' என்று இந்தப் பாணிக்குப் பெயர்.

வரைந்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு அரைத்தவர், கல் செதுக்கியவர், சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்கியவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களெல்லாம் நம் ஆட்கள்.

அந்தக் கூரையின் கீழே நடந்தவை

தென்னிந்தியா முழுவதற்கும் அந்தக் காலத்தில் இந்த ஒரு பல்கலைக்கழகம்தான். 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. வரும்வரை பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சையான மெட்ரிகுலேஷனைக்கூட இதுதான் நடத்தியது. 1913இல் பட்டமே வாங்காத ஒரு குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க இந்தப் பல்கலைக்கழகம் துணிந்தது. அந்தக் குமாஸ்தா கணித மேதை ராமானுஜன். விதியைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு மேதையைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

1937இல் இன்னொரு பெருமை சேர்ந்தது. மாகாணத் தேர்தல் முடிந்து ராஜாஜி முதன்மந்திரியானார். புதிய சட்டசபைக்கு 215 உறுப்பினர்கள். அத்தனை பேர் உட்காரக் கோட்டையில் இடம் இல்லை. அதனால் அந்த ஜூலை மாதம் சட்டசபை கூடியது செனட் ஹவுஸில். பிள்ளைகள் பரீட்சை எழுதிய மண்டபத்தில் மக்கள் பிரதிநிதிகள் உட்கார்ந்து சட்டம் பேசினார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு என் படிப்பு முடிந்தது. ஆனால் என் மாணவர்களில் பலர் சென்னைப் பல்கலைக்கழகத்து அஞ்சல்வழிப் படிப்பில் சேர்ந்து, மாட்டைக் கட்டிவிட்டு அரிக்கேன் விளக்கில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதனால் அந்த மாளிகை நமக்கு அந்நியமில்லை.

மாளிகைக்கு வரும் நோய்

இப்படிப்பட்ட கட்டடம் எப்படிப் பாழாகிறது? ஒரு நாளில் அல்ல. ஒரு மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். யாரும் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் தேங்கித் தளத்தில் இறங்கும். மரவிட்டம் உளுக்கும். காக்கை எச்சத்தில் வந்த அரச விதை சுவரில் முளைக்கும். 'சின்னச் செடிதானே' என்று விட்டால் ஐந்து வருடத்தில் அதன் வேர் சுவரை இரண்டாகப் பிளக்கும். கடற்கரைக் காற்றின் உப்பு வேறு. இவற்றோடு மனிதர்கள் சேர்ப்பது: தாழ்வாரத்தை அடைத்துத் தடுப்பறை, மரத்தளத்தின்மேல் டன் கணக்கில் பழைய ஃபைல், இஷ்டத்துக்கு இழுத்த மின்கம்பி, அழகான சுதை வேலையின்மேல் வருடாவருடம் அடித்த வெள்ளை.

எல்லாவற்றிலும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதைச் செய்கிறவர் மருந்து போடுவதாகவே நினைத்துக்கொள்வார். அதுதான் சிமெண்ட்.

கொத்தனார் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழையில் குடித்த ஈரமும் அதன் வழியாக வெளியே போய்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வாயையும் மூக்கையும் பொத்தியதுபோல் ஆகிவிடும். ஈரம் உள்ளேயே நிற்கும். உப்பு பூக்கும். செங்கல் பொரிந்து மாவாகும். வெளியே பார்த்தால் பளபளப்பு. உள்ளே சுவர் செத்துக்கொண்டிருக்கும். இன்னொரு குணமும் உண்டு. வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும்போது சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். சிமெண்ட் வளையாது, தானும் வெடித்து, பக்கத்தில் இருக்கும் செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும்.

இது நான் கண்ணால் கண்டது. தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் ஓட்டுக் கட்டடச் சுவர்களுக்கு 'மராமத்து' என்று சிமெண்ட் பூசினார்கள். திறப்பு விழாவுக்கு மாலை மரியாதை எல்லாம் நடந்தது. ஐந்தாறு மழைக்காலம் தாண்டுவதற்குள் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. உள்ளே இருந்த செங்கல் விரலால் சுரண்டினால் உதிர்ந்தது. அதுவரை அறுபது எழுபது வருடம் நின்ற சுவர் அது.

மருந்து

பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டி, 2006 வாக்கில், செனட் ஹவுஸைச் சீரமைத்தார்கள். அரண்மனையின் இரண்டு மகால்களைப் பின்னாளில் பொதுப்பணித் துறை சீரமைத்தது. இந்த மாதிரி வேலைகளுக்கெல்லாம் அடிப்படை விதி ஒன்றே: கட்டடம் எதனால் கட்டப்பட்டதோ அதனாலேயே சரிசெய்ய வேண்டும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு, தேக்குக்குத் தேக்கு.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட வேண்டும். சுட்ட கல்லில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். அந்த நீறின சுண்ணாம்பைக் குழியில் தண்ணீரோடு பல நாள் ஊற விட வேண்டும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. பிறகு மணல் சேர்த்து அரைக்க வேண்டும். அந்தக் காலத்தில் வட்டமான பள்ளம் வெட்டி, அதில் கல் உருளையைப் போட்டு மாடு கட்டி இழுப்பார்கள். இப்போது மிஷின் வந்துவிட்டது. கடுக்காயை இடித்து வெல்லத்தோடு தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, புளித்த அந்தத் தண்ணீரைச் சாந்தில் சேர்ப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் பசையும் சாந்துக்குப் பிடிப்பும் உறுதியும் தரும். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதும் உண்டு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முகம் பார்க்கலாம் என்பார்களே, அந்தப் பளபளப்பு அப்படி வந்ததுதான்.

இப்படிப் பூசிய சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறும். எட்டாம் வகுப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் குழாய் வைத்து ஊதிப் பால் நிறமாக மாற்றிக் காட்டினோமே, அதே வேதியியல்தான். அங்கே ஒரு நிமிடத்தில் நடந்தது சுவரில் பல வருடமாக நடக்கிறது. அதனால்தான் பழைய சுவர் நாளாக நாளாக இறுகும்.

தளத்துக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில், கோணலாகச் சாய்த்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு. கீழே வெயில் தெரியாது. நம் ஊர்ப் பெரியவீடுகள் சிலவற்றில் இன்னும் இந்தத் தளம் இருக்கிறது. மல்லாந்து படுத்து மேலே பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தீ சொன்ன பாடம்

பழசைப் போற்றுகிறவர்கள் மட்டும் படித்துச் சந்தோஷப்பட வேண்டாம். மறுபக்கமும் உண்டு.

2012 பொங்கல் விடுமுறையில் சேப்பாக்கம் கலச மகாலில் தீப்பிடித்தது. உள்ளே அரசு அலுவலகங்கள். காய்ந்த தேக்கு, அடுக்கடுக்காகக் காகிதம். கூரை இடிந்து விழுந்தது. தீயை அணைக்கப் போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். பெண் அதிகாரி ஒருவர் படுகாயம் அடைந்தார். அந்தச் சுவர்களை மறுபடியும் நிமிர்த்திக் கூரை போட்டுவிட்டார்கள். இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்னக அமர்வு அங்கே நடக்கிறது. கட்டடம் திரும்ப வந்தது. எரிந்த ஆவணம் திரும்பவில்லை; போன உயிரும் திரும்பவில்லை.

யாழ்ப்பாணம் பொதுநூலகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1981இல் எரித்தார்கள். பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2003இல் திறந்தார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் அதே வெள்ளை மாளிகை. ஆனால் எரிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. அவற்றை எந்தக் கொத்தனாரால் கட்டித்தர முடியும்? கட்டடத்தைக் காப்பது என்றால் உள்ளே இருப்பதையும் உள்ளே இருப்பவர்களையும் காப்பது என்றுதான் அர்த்தம்.

2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளை நாம் பறிகொடுத்தோம். அன்று நான் பள்ளியில் இருந்தேன். மறுநாள் காலை பிரார்த்தனைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளை எண்ணும்போது குரல் வரவில்லை. அதன்பின் ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும் முன்னால் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு சுவர்களைத் தட்டிப் பார்ப்பேன். கணீரென்று கேட்டால் உயிர் இருக்கிறது. பொத்தென்று கேட்டால் பூச்சு பிரிந்துவிட்டது. ஓடுகளை ஏறிப் பார்க்கச் சொல்வேன். 'சார் மந்திரவாதி மாதிரி சுவத்தைத் தட்டுறாரு' என்று நீங்கள் சிரித்தது எனக்குத் தெரியும்.

எனவே என் கட்சி இதுதான்: எந்த மாளிகையும் ஒரு குழந்தையின் உயிருக்கு ஈடாகாது. சந்தேகமான கட்டடத்துக்குள் இன்றைக்கே பிள்ளைகளை விடாதீர்கள்; பூட்டுங்கள். ஆனால் பூட்டுவது வேறு, இடிப்பது வேறு. முதல் முடிவை ஒரு மணி நேரத்தில் எடுக்க வேண்டும். இரண்டாவது முடிவை ஒரு மணி நேரத்தில் எடுக்கக் கூடாது.

நம் மலையின் பங்கு

கடுக்காய் என்றதும் மலைப்பிள்ளைகள் சிரித்திருப்பீர்கள். கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்காத கை எது? வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் திடீரென்று ஆள் குறைந்தால் கடுக்காய்க் காலம் வந்துவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். வருகைப் பதிவேட்டைப் பார்த்தே மரம் காய்ப்பதைச் சொல்லலாம். மூட்டை கட்டிக் கீழே இறக்கினால் நாட்டு மருந்துக்கும் தோல் பதனிடவும் போகும் என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். கட்டடங்களை நிற்கவைக்கவும் அது போகிறது. மலைச்சரக்கு இல்லாமல் மாளிகைச் சாந்து இல்லை.

ஆனால் மலையின் வரலாறு சமவெளியின் வரலாறு அல்ல. 1976 வரை மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சமவெளியில் குடியானவனின் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறி நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் மலைக்காரனின் பெயர் ஏறவில்லை. அதனால் மலையில் அரசாங்கம் கட்டிய பழைய கட்டடம் என்று எண்ணினால் விரல் மடக்கி முடித்துவிடலாம். சென்னைக்கு நூற்றைம்பது வருடத்துக் கட்டடம் பழசு என்றால், மலைக்கு நாற்பது வருடத்துப் பள்ளிக்கூடமே பழசு. தலைமுறையில் முதன்முதலாக ஒருவன் தன் பெயரை எழுதிப் பார்த்த சுவர் அது. அதற்கு வளைவும் கோபுரமும் இல்லாமல் இருக்கலாம். அந்த ஊருக்கு அதுதான் செனட் ஹவுஸ்.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகிவிட்டது. புது மாவட்டத்துக்குப் புதுக் கட்டடங்கள் வரும், வரவேண்டும். அந்த வேகத்தில் எது போகிறது என்று பார்ப்பதற்கு நாலு பேர் வேண்டும்.

இப்போது நம் கட்டடம்

'இடிக்கலாம்' என்ற தம்பிக்கும் 'கூடாது' என்ற தங்கைக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, நம் குழுவிலேயே பொறியாளர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து பார்க்கச் சொல்லுங்கள். கூரை மட்டும் போயிருக்கிறதா, சுவரும் போயிருக்கிறதா, அடிவாரம் இறங்கியிருக்கிறதா? மூன்றுக்கும் மூன்று விதமான வைத்தியம். கூரை மட்டும் என்றால் ஓடு மாற்றி, மரம் மாற்றி எத்தனையோ கட்டடங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அடிவாரமே போயிருந்தால் நானே இடிக்கச் சொல்வேன், அழமாட்டேன்.

இரண்டாவது, காப்பாற்றினால் பூட்டிவைக்காதீர்கள். சீரமைத்த கட்டடத்துக்குப் பெரிய எதிரி பூட்டு. காற்று போகாது, வெளவால் அடையும், குழாய் அடைத்தது யாருக்கும் தெரியாது. செனட் ஹவுஸானாலும் நம் ஓட்டுக் கட்டடமானாலும் தினமும் ஒருவர் பெருக்கித் துடைத்தால்தான் நிற்கும். வகுப்பறை வேண்டாம் என்றால் நூலகமாக வையுங்கள், மாலைப் படிப்புக்கு வையுங்கள்.

மூன்றாவது, இடிப்பது என்றே முடிவானாலும், இடிக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். நீள அகலம் அளந்து வரைபடம் போடுங்கள். பழைய சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு எல்லாம் பத்திரமான இடத்துக்குப் போனபிறகுதான் முதல் ஓட்டை இறக்க வேண்டும். நல்ல மரத்தையும் ஓட்டையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாமல் கணக்கில் எழுதுங்கள்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கட்டடத்தில் சித்தாளாக வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அந்த ஊரில் இன்னும் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, கடுக்காய்த் தண்ணீர் எப்போது பதத்துக்கு வந்தது என்று நாக்கில் வைத்தே சொல்லக்கூடியவர். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவருக்குத் தெரிந்தது எந்தப் பட்டயப் படிப்பிலும் இல்லை. கொத்தனார் வேலை செய்யும் என் பிள்ளைகள் ரெண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவரிடம் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முடிந்தால் கூடவே ஒரு கூடை சாந்து அரைத்துப் பாருங்கள். கட்டடத்தைப் பற்றி அடுத்த மாதம்கூடப் பேசிக்கொள்ளலாம். அவரை இந்த மாதமே பாருங்கள்.

போகிறவர்கள் எனக்கு ஒரு போன் போடுங்கள். வெற்றிலை பாக்கு நான் வாங்கித் தருகிறேன். அவருக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்